வேட்டியின் வெள்ளை

ஒரு கண்ணாடி, ஒரு சீப்பு, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பவுடர் டப்பா. சங்கரன்கோவில் போன்ற ஊர்களின் ஸ்டுடியோக்களில் இந்த மூன்றையும் தாண்டித்தான் கேமரா இருக்கும் அறைக்குள் போகவேண்டியிருந்தது. ஆடித் தபசுத் திருவிழாவுக்கு வந்த குடும்பமானாலும் சரி, பரீட்சை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்த பையனானாலும் சரி, முதலில் முகத்தில் பவுடர் ஏறும்; பிறகுதான் வெளிச்சம் விழும். படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டரோடு வந்த வேலை என்று பேசுகிறவர்கள் அந்த டப்பாவை மறந்துவிட்டார்கள். வேர்த்த முகத்தின் மினுமினுப்பை அது அடக்கியது, ஃப்ளாஷ் அடிக்கும்போது நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாக வெளுத்துப்போவதைத் தடுத்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அளவு கொஞ்சம் மீறினால் கறுத்த முகம் படத்தில் சாம்பல் பூத்த பூசணிக்காயாக வந்து நிற்கும். கழுத்து மட்டும் தன் பழைய நிறத்திலேயே இருக்கும். அந்த ஒரு டப்பாவுக்குள் இரண்டு வேலைகள் இருந்தன. வெளிச்சம் முகத்துக்குச் செய்த கெடுதலைச் சரிசெய்வது ஒன்று. முகத்தையே கெடுதலாக எண்ணி மூடுவது இன்னொன்று. இன்றுவரை இரண்டுக்கும் ‘கலர் கரெக்‌ஷன்’ என்ற ஒரே பெயர்தான் வழங்குகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலைதான் என்று நாமும் நம்பிவிட்டோம் என்பதே என் புகார்.

திருத்தம் தேவையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. தேவை எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தால் குற்றம் முகத்தின் பேரில் இல்லை என்பது விளங்கும். பழைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியைத்தான் நன்றாக உணர்ந்தன. பிறகு வந்தவை பச்சையையும் உணர்ந்தன. சிவப்பு அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டுதான். பழுப்புத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியிலோ சிவப்பின் பங்குதான் அதிகம். ஆகவே நம் மனிதர்கள் இருந்ததைவிடக் கறுப்பாகத் தகட்டில் பதிந்தார்கள். எல்லா நிறங்களையும் உணரும் பாங்க்ரோமாட்டிக் ஃபிலிம் பரவிய பிறகுதான் இந்தக் குறை ஓரளவு தீர்ந்தது. சட்டம் போட்ட பழைய படத்தைப் பார்த்துவிட்டு, ‘தாத்தா இவ்வளவு கறுப்பா?’ என்று கேட்பது, ஃபிலிமின் குருட்டைத் தாத்தாவின் தலையில் கட்டுவதாகும். அந்தக் குருட்டுக்கு மருந்தாக வந்ததுதான் ‘டச்சிங்’. சாய்வான மரப்பெட்டியில் தேய்த்த கண்ணாடி பதித்து, கீழே ஒளி வைத்து, அதன்மேல் நெகட்டிவைக் கிடத்தி, ஊசிமுனையாகச் சீவிய பென்சிலால் கண்ணுக்கடியிலும் கன்னத்து மேட்டிலும் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறிய இடம் பிரிண்டில் வெளுக்கும். பின்னணி வேண்டாம் என்றால் உருவத்தின் ஓரமாகச் சிவப்பு மையைத் தடவி அடைத்துவிடுவார்கள். பிரிண்டில் அந்த இடம் சுத்த வெள்ளையாகிவிடும். இன்று மென்பொருளின் ‘பென் டூலால்’ நடப்பதுதான். அன்று தூரிகையால், கை நடுங்காமல் நடந்தது.

கலர் ஃபிலிம் வந்தபோது குருடு வேறு வடிவத்தில் வந்தது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. வெள்ளைத்தோல் பெண் ஒருத்தியின் படம். ‘ஷெர்லி கார்டு’ என்பது அதன் செல்லப்பெயர். அவள் தோல் சரியாக விழுந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். அந்த அட்டையின் வரலாற்றை எழுதிய லோர்னா ராத் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஒரு வேடிக்கையைப் பதிவு செய்திருக்கிறார். பழுப்பு நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கிப்போகின்றன என்று நிறுவனம் காதுகொடுத்துக் கேட்டது கறுப்பு மக்கள் சொன்னதால் அல்லவாம். சாக்லேட் விற்பவர்களும் மரச்சாமான் விற்பவர்களும் விளம்பரப் படம் சரியில்லை என்று முறையிட்டதால்தானாம். தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் கிடைத்த நியாயத்தின் மிச்சம்தான் நம் கன்னங்களுக்கு வந்து சேர்ந்தது. கைபேசிக் கம்பெனிகளுக்கும் இந்தக் கவலை வர வெகுநாள் ஆயிற்று. மனிதத் தோலின் நிறத்தைப் பத்துப் படிகளாகப் பிரித்த எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளரின் அளவுகோலை கூகுள் எடுத்துக்கொண்டது 2022இல்தான்.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். நிறப் பிரச்சினை, பின்னணிப் பிரச்சினை என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். திருத்தும் மென்பொருளிலும் இரண்டும் தனித்தனிப் பொத்தான்கள். என் அனுபவம் சொல்வது வேறு: முகத்தின் நிறத்தைக் கெடுப்பதில் பாதிக்கு மேல் பின்னணியின் வேலை. கேமராவின் ஒளிமானி, எதிரே இருப்பது எல்லாம் சேர்ந்து சராசரிச் சாம்பல் என்று நம்பும் அப்பாவி. வெள்ளைச் சுவரின் முன் கறுத்த முகத்தை நிறுத்தினால், ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்’ என்று ஒளியைக் குறைத்துவிடும், முகம் இருண்டுபோகும். அடுத்தது, சுவர் தன் நிறத்தை முகத்துக்குக் கடனாகக் கொடுக்கும். பச்சை டிஸ்டெம்பர் அடித்த அறையில் தாடை ஓரம் பச்சை படரும். கல்யாணப் பந்தலின் மஞ்சள் துணிக்குக் கீழே எல்லோருக்கும் காமாலை. அரக்குப் பட்டு மோவாய்க்கடியில் சிவப்பை ஏற்றும். மூன்றாவது லேப் இயந்திரத்தின் கூத்து. படத்தின் எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல்தான் வரவேண்டும் என்பது அதன் கணக்கு. மணப்பெண்ணுக்குப் பின்னால் சிவப்புத் திரை கட்டியிருந்தால், ‘சிவப்பு மிஞ்சிவிட்டது’ என்று அதற்கு எதிரான நீலப்பச்சையைப் படம் முழுக்க அது கொட்டும். திரை கொஞ்சம் சாந்தமாகும், பெண்ணின் முகம் காய்ச்சல்காரியின் முகமாகும். வயல்வெளியில் எடுத்தால் முகம் ஊதாச் சிவப்புக்குச் சாயும். கைபேசியின் தானியங்கி வெள்ளைச் சமன்பாடும் அசந்த நேரத்தில் இதையேதான் செய்கிறது.

நான்காவது காரணம் இயந்திரத்தில் இல்லை, நம் கண்ணில் இருக்கிறது. சங்கரன்கோவில் போல விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஊரில் இதை விளக்குவது சுலபம். பாரிஸில் கோபெலின் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடத்துக்கு ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் சாயப் பொறுப்பாளராக இருந்தார். கறுப்பு நூலில் சாயம் சரியாக ஏறவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் ஓடிய நீல, ஊதா நூல்கள்தான் கறுப்பை வெளிறக் காட்டின. இதை அவர் 1839இல் பெரிய புத்தகமாகவே எழுதினார். பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாக ஓட்டுகிற எந்த நெசவாளிக்கும், ஒரு நூல் தனியாக ஒரு நிறம், சேலையில் இன்னொரு நிறம் என்பது பாலபாடம். முகமும் அப்படிப்பட்ட நூல்தான். ஒரே முகத்தை வெள்ளைக்கு முன் வைத்தால் கறுத்துத் தெரியும்; ஆழ்ந்த நீலத்துக்கு முன் வைத்தால் தெளிந்து தெரியும். நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் நீலத்திரை இவ்வளவு காலம் நிலைத்ததற்குச் சோம்பேறித்தனத்தைக் காரணம் சொல்வார்கள். ஒளிமானியை அது ஏமாற்றுவதில்லை, தோலுக்கு எதிர்நிறமாக நின்று தோலின் சூட்டை எடுத்துக் காட்டுகிறது என்பதைக் கைப்பழக்கத்திலேயே கண்டுகொண்டவர்களின் தேர்வு அது என்று நான் நினைக்கிறேன்.

அப்படியானால் எதை வைத்துத் திருத்துவது? முகத்தை வைத்துத் திருத்தக்கூடாது. முகம் எப்படி இருக்கவேண்டும் என்பதில் நமக்கு ஆசைகள் உண்டு. வேட்டி எப்படி இருக்கவேண்டும் என்பதில் ஆசை கிடையாது. ஆகவே வேட்டியை வெள்ளையாக்கிவிட்டு, முகம் எங்கே வந்து நிற்கிறதோ அங்கே விட்டுவிடவேண்டும். மென்பொருளில் நிறத்தைத் தொட்டு எடுக்கும் ‘ஐட்ராப்பரை’ எடுத்து வேட்டியின் மடிப்பில், வெளுத்துப்போகாத ஓர் இடத்தில் தொட்டால், அறை ஏற்றிவிட்ட மஞ்சளும் பச்சையும் கழன்றுவிடும். கழன்ற பிறகு எஞ்சுவது மாநிறமோ கறுப்போ, அது அந்த ஆளுடையது. இதில் ஒரு சிக்கல் உண்டு, ஒளிக்காமல் சொல்லவேண்டும். நம் வேட்டிகள் சுத்த வெள்ளை அல்ல. சொட்டுநீலம் போட்டு அலசியவை. சோப்புத்தூளில் இருக்கும் பளபளப்பு ரசாயனம் வேறு, ஃப்ளாஷ் வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். அந்த நீலத்தைப் போக்கப்போனால் முகத்தில் மஞ்சள் பூசியதாகிவிடும். இந்த வகையில் வேட்டியைவிடத் திருநீறு நம்பகமானது. சாம்பலுக்கு யாரும் நீலம் போடுவதில்லை. நரைமுடியும் பரவாயில்லை. கண்ணின் வெள்ளையை மட்டும் நம்பக்கூடாது, அது யாருக்கும் முழு வெள்ளை கிடையாது. சங்கரன்கோவிலுக்கு என்று தனியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. இங்கே நெற்றியில் இருப்பது கோவில் புற்றுமண்ணாகவும் இருக்கலாம். அதைச் சாம்பல் என்று எண்ணித் தொட்டால் படமே நீலமாகிவிடும். முக அழகு ‘ஃபில்டர்’களோ அதை அழுக்கு என்று எண்ணித் துடைத்தே விடுகின்றன. அந்தக் கோவிலின் கோமதி அம்மன் சந்நிதிக்கு வந்துபோனதன் ஒரே அடையாளம் நெற்றியிலிருந்து காணாமல்போகிறது.

பழைய கலர் பிரிண்டுகளைத் திருத்தும்போதும் இந்த விதிதான் காப்பாற்றுகிறது. எழுபது, எண்பதுகளின் பிரிண்டுகள் பீரோவின் இருட்டில் கிடந்தே சிவந்துபோயின. நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றைவிட வேகமாகச் சிதைந்ததே காரணம். எல்லா இடத்திலும் ஒரே அளவு நீலப்பச்சையைக் கூட்டினால் சரியாகாது. சாயம் அதிகமாக இருந்த இருண்ட பகுதி அதிகமாக இழந்திருக்கும், வெளிர்ப்பகுதி குறைவாக இழந்திருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே ‘கர்வ்ஸ்’ என்ற கோட்டை வளைத்து, தலைமுடி கறுப்பாகவும் வேட்டி வெள்ளையாகவும் வரும்வரை கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இரு முனைகளும் கட்டப்பட்டுவிட்டால் நடுவில் இருக்கும் முகம் தானாக வந்து சேரும். ஆச்சியின் நிறம் என்ன என்று பேரனுக்குத் தெரியாது. முடி கறுப்பு என்பது தெரியும்.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது: வாடிக்கையாளர் கேட்பதே வெளுப்பைத்தான். பொண்ணு பார்க்கும் படத்தில் ‘கொஞ்சம் கலர் ஏத்துங்க’ என்று சொல்லாத குடும்பம் குறைவு. மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஸ்டுடியோக்காரர் சமூகத்தைத் திருத்தக் கடை திறக்கவில்லை. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். குற்றம் அவர் கையில் தொடங்கவில்லை. முகம் வெளுக்கும் என்று விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975இல் சந்தைக்கு வந்தது. பெயரிலிருந்த ‘ஃபேர்’ கழன்றது 2020இல். நடுவில் நாற்பத்தைந்து வருடம் தோல் ஒரு நோயாகவே விற்பனையானது. கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைச் சென்னையில் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு தொடங்கியது 2009இல்தான். ஆனால் தொழில் அளவிலேயே ஒரு பதில் இருக்கிறது. முகத்தை மட்டும் வெளுத்தால் கையும் காதும் காட்டிக்கொடுக்கும். எல்லாவற்றையும் சேர்த்து வெளுத்தால் தங்கம் பித்தளையாகும், அரக்குச் சேலை ரோஸாகும், மல்லிகைச்சரம் இதழ் தெரியாத வெள்ளைக் கோடாகும். வெளுப்பு கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது தெளிவு. ஒரு படி கூடுதல் வெளிச்சம், பக்கவாட்டில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, கன்னத்தில் ஒளி உருளும்படி ஒரு திருப்பம் என்று எடுத்துக் காட்டினால் கறுப்பு முகம் கறுப்பாகவே பளிச்சென்று வரும். ‘நல்லா வந்திருக்கே’ என்று வாங்கிப்போவார்கள். பருவும் தும்மலில் சிவந்த மூக்கும் போகலாம். பத்து நாளில் தாமாகவே போயிருக்கும். மச்சம் இருக்கட்டும். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று அதைத்தானே எழுதிவைத்திருக்கிறார்கள்!

இரண்டாவது மறுப்பு தத்துவக்காரர்களுடையது. ஃபிலிம் பொய், லேப் பொய், கண்ணும் ஏமாறுகிறது என்று நீரே சொல்லிவிட்டு, எந்த உண்மை நிறத்தைக் காப்பாற்றச் சொல்கிறீர் என்பது. காலை வெயிலில் ஒரு நிறம், டியூப்லைட்டில் ஒரு நிறம் என்று மாறும் முகத்துக்கு ‘சொந்த நிறம்’ ஏது? சரிதான். தனியாக ஒரு நிறம் இல்லை. ஆனால் உறவு இருக்கிறது. வேட்டியின் மேல் விழுந்த அதே வெளிச்சம்தான் முகத்தின் மேலும் விழுந்தது. வேட்டிக்கும் முகத்துக்கும் இடையே, முகத்துக்கும் முடிக்கும் இடையே உள்ள தூரம் வெயிலிலும் டியூப்லைட்டிலும் பெரிதாக மாறுவதில்லை. நிறத்திருத்தம் மொத்தப் படத்தையும் ஒரு பக்கமாக நகர்த்தும். உறவு அப்படியே இருக்கும். வெளுப்பது முகத்தை மட்டும் பிடுங்கி வேட்டியின் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் அளவில் இல்லை, வகையில். அதனால்தான் ‘கொஞ்சமாக வெளுத்தால் என்ன’ என்ற சமாதானம் எனக்கு ஏறவில்லை.

பின்னணியை மாற்றுவதிலும் இந்த உறவுதான் அளவுகோல். இன்று ஒரு தட்டில் சுவர் மறைந்து தாஜ்மகாலோ சுவிட்சர்லாந்தோ வந்துவிடுகிறது. ஆனால் ஜிமிக்கியின் வளையத்துக்குள் பழைய சுவரின் பச்சை எட்டிப்பார்க்கும். வெள்ளைச் சுவரோரம் இருந்த மல்லிகையைச் சுவர் என்று எண்ணி மென்பொருள் கடித்துத் தின்றிருக்கும். முகத்தில் இடப்பக்கம் வெயில், பின்னால் மலைக்கு வலப்பக்கம் வெயில். மரபான ஓவியர்கள் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். சங்கரன்கோவிலின் சங்கரநாராயணர் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். காலண்டரில் அவரை வரைகிறவர் ஓர் உடலிலேயே வெளிர்நிறத்தையும் நீலத்தையும் நடுக்கோட்டில் சந்திக்கவிடவேண்டும். இரண்டு நிறத்தின் மேலும் ஒரே வெளிச்சம் விழுந்தால்தான் அது ஓர் ஆளாக நிற்கும். இல்லையென்றால் இரண்டு காகிதத்தைக் கிழித்து ஒட்டியதுபோல் ஆகும். கிழக்கே நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு இந்தக் கலையின் பெரியவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர், பிறகு சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் சாமி படம் கொடுத்தவர். பின்திரையும் முகமும் ஒரே கையால் வரையப்பட்ட காலம் அது. பின்திரையை ஒரு மென்பொருளும் முகத்தை இன்னொரு மென்பொருளும் பார்த்துக்கொள்ளும் காலத்தில் அந்த ஒற்றுமை தானாக வராது. வெட்டி ஒட்டியவர் உட்கார்ந்து, புதுப் பின்னணியின் நிறத்தை முடியோரத்திலும் தோள்பட்டையிலும் லேசாகப் படரவிட்டுத்தான் கொண்டுவரவேண்டும்.

பாஸ்போர்ட் போன்ற ஆவணப் படத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் விதியே வெறும் வெளிர்ப் பின்னணியும் இயல்பான தோல்நிறமும் கேட்கிறது. அங்கே சுவரை எடுத்துவிடுவது சரி, முகத்தைத் தொடுவது தப்பு. தயக்கம் வருவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். இறந்தவருக்கு இருப்பதே ஒரு படம். அதுவும் யாரோ வீட்டுக் கல்யாணத்தில் நாலு பேருக்கு நடுவில் நிற்கும் படம். பக்கத்துத் தோளை வெட்டி, வியர்த்த பனியனுக்குப் பதில் வெள்ளைச்சட்டை ஏற்றி, பின்னால் மேகம் வைத்து, நெற்றியில் திருநீறு பூசித் தருகிறார்கள். இதைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. நடுகல்லில் வெட்டிய வீரனும் நேரில் அப்படியேவா இருந்தான்? இறந்தவரைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்துவது நம் பழைய வழக்கம். போஸ்டர் பதினாறாம் நாளோடு கிழிந்துபோகிற சாமான். என் வேண்டுகோள் ஒன்றுதான்: வெட்டாத படத்தை அழித்துவிடக்கூடாது. போஸ்டர் அச்சுக்குப் போனதும் கடைக்காரர் மூலப்படத்தை நீக்கிவிடுகிறார். குடும்பத்தின் கையில் மேகத்தில் மிதக்கும் முகம் மட்டும் மிஞ்சி, நாளடைவில் அதுவே சட்டத்துக்குள் போய்ச் சுவரேறுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட படங்களில் முகத்துக்கு இணையாகப் பேசுவது முகத்தைச் சுற்றியிருப்பவை: வரைந்த திரையின் படிக்கட்டு, கையில் கொடுத்த புத்தகம், மேசைமேல் வைத்த டைம்பீஸ். வீட்டில் எடுத்த படத்தில் இவற்றின் இடத்தில் இருப்பது காரை பெயர்ந்த சுவர், ஆணியில் தொங்கும் மஞ்சப்பை, பக்கத்தில் ஒரு சிவகாசிக் காலண்டர். அசிங்கமாக இருக்கிறது என்று முதலில் வெட்டப்படுவது அந்தச் சுவர்தான். படம் எந்த வருடம் எடுத்தது என்று வீட்டில் யாருக்கும் நினைவிருக்காது. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தால், ஆச்சியின் தோளுக்கு மேலே அந்தக் காலண்டரில் வருடமும் மாதமும் தேதியும் தெரியும்.